நிலக்கரிக் கணக்கு கேட்டு ஒரு திறந்த மடல்: சர் கிறிஸ் ஹோனுக்கும் அவருடைய அறக்கட்டளையின் அறங்காவலர்களுக்கும்

சர் கிறிஸ்டோபர் ஹோன் அவர்களுக்கும், லண்டனில் உள்ள குழந்தைகள் முதலீட்டு நிதி அறக்கட்டளையின் அறங்காவலர்களுக்கும்,

நான் தமிழ்நாட்டின் தென்கோடிக் கடலோரத்தில் ஓர் அனல்மின் நிலையத்தில், நிலக்கரி கையாளும் பிரிவில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கப்பலில் வந்து இறங்கும் கரியை பெல்ட்டில் ஏற்றி, கிரஷரில் உடைத்து, கொதிகலனுக்கு மேலே இருக்கும் கரித்தொட்டியான பங்கர் வரை கொண்டு சேர்ப்பது எங்கள் வேலை. நிலையத்தின் பெயர் இங்கே தேவையில்லை. நான் கணக்குக் கேட்க வந்திருப்பது உங்களிடம்.

சென்ற மாதம் என் பேத்தி விடுமுறைக்கு வந்திருந்தாள். மேலாண்மைப் படிப்பு படிக்கிறாள். அவள் வகுப்பில் உங்கள் வாழ்க்கையைப் பாடமாக வைத்திருக்கிறார்கள். ஜமைக்காவிலிருந்து இங்கிலாந்துக்குப் பிழைக்க வந்த கார் மெக்கானிக்கின் மகன், சவுத்தாம்ப்டனிலும் ஹார்வர்டிலும் படித்தவர், 2003இல் ஹெட்ஜ் ஃபண்டு தொடங்கி அதற்குக் குழந்தைகளின் பெயரையே வைத்தவர், உலகத்தின் மிகப் பெரிய குழந்தைகள் அறக்கட்டளைகளில் ஒன்றை எழுப்பியவர் என்று எழுதியிருந்தது. நடுவில் இந்திய அரசின் நிலக்கரி நிறுவனமான கோல் இந்தியாவைப் பற்றி ஒரு பத்தி. சிறிதளவு பங்கே வைத்திருந்த ஒருவர் தன் உரிமைக்காக வழக்குப் போட்டு அரசாங்கத்தையே எதிர்த்து நின்றார் என்பது அந்தப் பத்தியின் சாரம். பேத்தி அதை எனக்கு வாசித்துக் காட்டிவிட்டு, "தாத்தா, நீங்கள் கரியிலேயே இருந்தவர். இந்த வழக்கில் இவர் பக்கம்தானே நியாயம் இருக்கிறது?" என்று கேட்டாள்.

அன்று இரவு அவளுக்குப் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. 2012இல் போட்ட அந்த வழக்கு அவளைப் பற்றியதும்கூட என்பது அவளுக்குத் தெரியாது. அப்போது அவளுக்கு எட்டு வயது. அவளுக்குச் சொல்ல வேண்டிய பதிலை முதலில் உங்களுக்கு எழுதுகிறேன்.

நீங்கள் செய்த நல்லதை மறைத்து எழுத எனக்கு மனம் இல்லை. இளைஞராக இருந்தபோது பிலிப்பைன்ஸுக்குப் போனீர்கள். மணிலாவின் குப்பை மேட்டில் வாழ்ந்த குழந்தைகளைப் பார்த்ததை உங்களால் மறக்க முடியவில்லை என்று பல இடங்களில் சொல்லியிருக்கிறீர்கள். அதை நான் நம்புகிறேன். எச்.ஐ.வி. தொற்றோடு பிறந்த குழந்தைகளுக்கு மருந்து கிடைக்க உங்கள் பணம் உதவியது. கென்யாவிலும் நம் நாட்டிலும் பள்ளிப் பிள்ளைகளுக்குக் குடற்புழு மாத்திரை கொடுக்கும் திட்டங்களுக்கு உதவியது. குடற்புழு நீங்கிய பிள்ளையின் முகம் இரண்டே மாதத்தில் எப்படித் தெளியும் என்பதை எங்கள் ஊர்ப் பள்ளியிலேயே பார்த்தவன் நான். உங்களுக்கு 2014இல் சர் பட்டம் கொடுத்தார்கள். அது தகுதியில்லாமல் வந்த பட்டம் அல்ல.

திறந்த மடல் என்பதால், உங்கள் தொழிலைப் பற்றி எங்கள் ஊர்க்காரர்களுக்கு இரண்டு வரி சொல்ல வேண்டியிருக்கிறது. ஹெட்ஜ் ஃபண்டு என்பது பெரும் பணக்காரர்கள், ஓய்வூதிய நிதிகள், பல்கலைக்கழகங்கள் போன்றோரின் பணத்தைத் திரட்டி முதலீடு செய்யும் நிறுவனம். உங்கள் நிறுவனத்தின் வழி தனி வழி. பங்கை வாங்கிவிட்டுச் சும்மா இருக்க மாட்டீர்கள். கம்பெனியின் இயக்குநர்களுக்குக் கடிதம் எழுதுவீர்கள். இதை விற்று விடு, அதை மாற்று, இவரை நீக்கு என்று கேட்பீர்கள். கேட்காவிட்டால் நீதிமன்றம் போவீர்கள். 2007இல் நெதர்லாந்தின் ஏபிஎன் ஆம்ரோ வங்கியில் ஏறக்குறைய ஒரு விழுக்காட்டுப் பங்கை வைத்துக்கொண்டு, அந்த வங்கியைப் பிரித்தோ மொத்தமாகவோ விற்கச் சொல்லிக் கடிதம் எழுதினீர்கள். விற்றார்கள். வாங்கிய மூன்று வங்கிகளில் இரண்டை அடுத்த ஆண்டே அரசாங்கங்கள் மக்கள் பணத்தைப் போட்டுக் காப்பாற்ற வேண்டி வந்தது. வாங்கியவர்களின் பேராசைக்கு உங்கள் மேல் நான் பழி போடவில்லை. ஒரு விழுக்காட்டில் எவ்வளவு பலம் இருக்கிறது என்பதை அறிந்தவர் நீங்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

கோல் இந்தியாவிலும் உங்களிடம் இருந்தது ஏறக்குறைய அந்த ஒரு விழுக்காடுதான்.

அப்போது இந்தியாவில் வெட்டப்பட்ட நிலக்கரியில் ஏறக்குறைய 80 விழுக்காட்டை வெட்டியது கோல் இந்தியா. அரசாங்க நிறுவனம். 2010 அக்டோபரில் அரசு அதன் பத்து விழுக்காட்டுப் பங்கை, ஒன்று 245 ரூபாய் என்று வெளியே விற்றது. 15,000 கோடி ரூபாய்க்கு மேல் திரண்டது. அப்போது நீங்களும் வாங்கினீர்கள். 2012 ஜனவரியில் கோல் இந்தியா விலை நிர்ணய முறையை மாற்றியது, விலை ஏறியது, மின் உற்பத்தியாளர்கள் கூக்குரலிட்டார்கள், அந்த மாதம் முடிவதற்குள் விலை குறைக்கப்பட்டது. மார்ச் மாதம் உங்கள் நிறுவனம் கோல் இந்தியாவின் இயக்குநர்களுக்குக் கடிதம் எழுதியது. உலகச் சந்தையை விட மிகக் குறைந்த விலைக்குக் கரியை விற்கிறீர்கள், அரசு சொல்வதைக் கேட்டுப் பங்குதாரர்களுக்குத் துரோகம் செய்கிறீர்கள் என்பது உங்கள் குற்றச்சாட்டு. அந்த ஆண்டிலேயே வழக்கும் போட்டீர்கள். 2014இல் பங்கை விற்றுவிட்டு வெளியேறினீர்கள்.

சட்டப்படி உங்கள் வாதத்தில் நியாயம் இருக்கலாம். பங்கை விற்கும்போது எல்லோரையும் கூப்பிட்டுவிட்டு, நடத்தும்போது அரசு தன் விருப்பப்படி நடத்துவது சரியில்லைதான். கோல் இந்தியாவின் நிர்வாகத்துக்கு நற்சான்று கொடுக்கவும் நான் வரவில்லை. அவர்கள் அனுப்பிய கரியை 31 ஆண்டுகள் கையால் தொட்டவன் நான். என் வீட்டு அலமாரியில் ஒரு கல் இருக்கிறது. எடை மூன்று கிலோவுக்கு மேல். பெல்ட்டில் கரியோடு கரியாக வந்தது. மேலே கரித்தூள் பூசி, பார்த்தால் நல்ல நிலக்கரிக் கட்டி போலவே இருக்கும். சுத்தியலால் ஒரு போடு போட்டால் உள்ளே சாம்பல் நிறப் பாறை. கரி என்று விலை வைத்து, ஒடிசாவின் தால்ச்சரில் ரயிலில் ஏற்றி, பாரதீப் துறைமுகத்தில் கப்பலில் ஏற்றி, ஆயிரம் மைல் தள்ளி எங்கள் பெல்ட்டில் கொண்டு வந்து போட்ட கல் அது. இதைப் போன்ற கற்களைப் பொறுக்குவதற்கென்றே ஸ்டாக் யார்டில் ஒப்பந்தப் பெண்கள் இருந்தார்கள். வெயிலில் கருங்குவியல் மேல் குனிந்து நின்று, தலைத்துணியால் மூக்கை மூடிக்கொண்டு, கூடை கூடையாகக் கல் எடுப்பார்கள். தப்பிய கல் கிரஷரின் சுத்தியலை உடைக்கும், பெல்ட்டைக் கிழிக்கும். பெல்ட் கிழிந்தால் ஒரு ஷிஃப்ட் போயிற்று.

நீங்கள் உலக விலையோடு ஒப்பிட்டீர்களே, அங்கேதான் என் முதல் கேள்வி. ஆஸ்திரேலியாவிலிருந்து வரும் நல்ல கரி ஒரு கிலோவுக்கு 6,000 கிலோகலோரி வெப்பம் தரும். எங்களுக்கு வந்த கரி பல நாள்களில் 3,500ஐத் தாண்டாது. எரித்தால் நூற்றுக்கு முப்பத்தைந்து நாற்பது பங்கு சாம்பலாக நிற்கும். வெப்பத்தைக் கணக்குப் போட்டு ஒப்பிட்டாலும் விலை குறைவுதான் என்று உங்கள் ஆட்கள் சொல்லலாம். கல்லைச் சுமந்து வந்த கப்பல் கூலியை யார் கணக்கில் எழுதினீர்கள்? உடைந்த கிரஷரை? சாம்பலைக் கொட்ட எடுத்துக்கொண்ட நிலத்தை? அந்தப் பெண்களின் இருமலை? உங்கள் கடிதங்கள் விலையை ஏற்றக் கேட்டவை. அந்த விலைக்கு எங்களுக்கு என்ன சரக்கு வந்தது என்று நீங்கள் கேட்டதாக நான் எங்கும் படிக்கவில்லை. கோல் இந்தியாவின் பங்குதாரராக இருந்து அதைக் கேட்டிருந்தால், எங்கள் பிரிவில் அத்தனை பேரும் உங்கள் பக்கம் நின்றிருப்போம்.

இனி 2012. அந்த ஆண்டு தமிழ்நாட்டில் மின்வெட்டு எப்படி இருந்தது என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. உங்களுக்குத்தான் சொல்ல வேண்டும். சென்னையைத் தவிர்த்த மாவட்டங்களில் ஒரு நாளில் பத்து மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம், சில நாள்களில் அதற்கும் மேல் கரண்ட் இருக்காது. கோயம்புத்தூரில் பட்டறைகள் பூட்டின. பிள்ளைகள் மெழுகுவர்த்தியில் படித்தார்கள். ஏப்ரல் மாதம் கட்டணத்தை ஏறக்குறைய 37 விழுக்காடு ஏற்றினார்கள். இல்லாத கரண்டுக்குக் கூடுதல் கட்டணம் என்று ஊரெல்லாம் பேச்சு. மின்வாரியம் கடனில் மூழ்கிக் கிடந்தது. வெளியிலிருந்து மின்சாரம் வாங்கக் காசு இல்லை. இந்த நிலைமைக்கு நீங்கள் காரணம் இல்லை. வருடக்கணக்காகத் தள்ளிப்போன மின் திட்டங்களும் எங்கள் அரசியலும்தான் காரணம். ஆனால் அந்த ஆண்டில்தான், கரி விலையை ஏற்று என்று கேட்டுக் கடிதம் எழுதினீர்கள். அந்த ஆண்டில்தான் வழக்கும் போட்டீர்கள்.

ஐப்பசி மாதம். காற்றாலைகள் ஓய்ந்துபோகும் காலம், மழையும் தொடங்கிவிடும். நனைந்த கரி களியாகி, கரி இறங்கும் சரிவுக் குழாயான ஷூட்டில் அடைத்துக்கொள்ளும். கடப்பாரையால் குத்திக் குத்தி இறக்க வேண்டும். அன்று இரண்டாம் ஷிஃப்ட் முடித்து இரவு பத்தரைக்கு வீடு வந்தேன். தெருவே இருட்டு. என் மகள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். உள்ளே பேத்தி பாயில் உட்கார்ந்து, இரண்டு கையையும் தரையில் ஊன்றிக்கொண்டு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதிலேயே அவளுக்கு இளைப்பு உண்டு. நெபுலைசர் வீட்டிலேயே வாங்கி வைத்திருந்தோம். மருந்தை ஊற்றி, முகமூடியை மாட்டித் தயாராக வைத்துவிட்டு, கரண்ட் எப்போது வரும் என்று மகள் காத்திருக்கிறாள். ஒன்பது மணிக்குப் போன கரண்ட். அந்தப் பெட்டி ஒரு பொம்மை போல அவள் பக்கத்தில் கிடந்தது.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு மொபெட்டில் நான்கு கிலோமீட்டர் போனேன். ஜெனரேட்டர் ஓடிய ஒரு சிறிய ஆஸ்பத்திரி அது. நர்ஸ் முகமூடியை எடுத்து என்னிடம் பிடிக்கக் கொடுக்கப் போனவர், என் கைகளைப் பார்த்துவிட்டு, முதலில் ஈரத்துணி ஒன்றைக் கொடுத்தார். துடைக்கத் துடைக்கத் துணி கறுத்தது. கை வெளுக்கவில்லை. கடைசியில் அவரே பிடித்துக்கொண்டார். எட்டு மணி நேரம் ஊருக்கு மின்சாரம் செய்ய நான் கரி ஏற்றிய கை அது. என் வீட்டுக் குழந்தைக்கு இருபது நிமிடக் கரண்ட் கிடைக்கவில்லை.

சாம்பல்தான் அவள் இளைப்புக்குக் காரணம் என்று எந்த மருத்துவரும் எங்களுக்கு எழுதிக் கொடுத்ததில்லை. நானும் அப்படிச் சொல்ல மாட்டேன். காற்று அடிக்கும் பருவத்தில், நிலையத்துச் சாம்பலைக் கொட்டி வைக்கும் சாம்பல் ஏரிப் பக்கம் இருக்கும் தெருக்களில் காயப்போட்ட வெள்ளை வேட்டி மாலைக்குள் நிறம் மாறிவிடும். அந்தத் தெருக்களில்தான் நாங்கள் பிள்ளைகளை வளர்த்தோம். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

உங்கள் நிதியத்தின் தொடக்கத்தில், நிர்வாகக் கட்டணத்தில் ஒரு பகுதி அறக்கட்டளைக்குப் போகும்படி ஏற்பாடு செய்திருந்தீர்கள். அந்த நேரடி ஏற்பாடு பிற்பாடு நின்றுவிட்டது. ஆனாலும் அறக்கட்டளையிடம் இன்று இருக்கும் 500 கோடி டாலருக்கு மேற்பட்ட பெருநிதி முதலீட்டுத் தொழிலில் வந்தது. அந்தத் தொழிலில் எங்கள் கரியும் ஒரு துளி. நீங்கள் கேட்டபடி விலை ஏறியிருந்தால் அந்தப் பணம் எங்கிருந்து போயிருக்கும்? மின்வாரியத்திலிருந்து. வாரியத்துக்கு எங்கிருந்து வரும்? கட்டணம் கட்டுகிறவனிடமிருந்தும், குடிசைக்கும் பம்புசெட்டுக்கும் மானியம் கொடுக்கும் மாநில அரசின் கஜானாவிலிருந்தும். அதே கஜானாவில்தான் சத்துணவுக்கும் பணம் இருக்கிறது. எத்தியோப்பியாவில் ஒரு குழந்தைக்கு நீங்கள் சோறு கொடுப்பதை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். அதற்காகத் தமிழ்நாட்டிலோ பீகாரிலோ இன்னொரு குழந்தையின் வீட்டு விளக்கு இன்னும் கொஞ்சம் விலை உயர வேண்டும் என்றால், அந்த இரண்டாவது குழந்தையின் பெயரும் உங்கள் பேரேட்டில் இருக்க வேண்டும். இல்லை என்பதுதான் என் குறை.

பிறகு காலம் மாறியது. 2019 கடைசியில், நீங்கள் பங்கு வைத்திருக்கும் கம்பெனிகள் எல்லாம் எவ்வளவு கரியமில வாயு வெளியிடுகின்றன என்று சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் இயக்குநர்களுக்கு எதிராக ஓட்டுப் போடுவோம் என்றீர்கள். 2020இல் பார்க்லேஸ், எச்.எஸ்.பி.சி., ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் வங்கிகளுக்கும், பாங்க் ஆஃப் இங்கிலாந்துக்கும் நிலக்கரிக்குக் கடன் கொடுப்பதைப் பற்றிக் கடுமையாக எழுதினீர்கள். அந்த ஆண்டே ஸ்பெயினின் விமான நிலையக் கம்பெனி ஏனாவில் தட்பவெப்பத் திட்டத்தைப் பங்குதாரர் ஓட்டுக்கு விட வைத்தீர்கள். ஏறக்குறைய எல்லோரும் ஆதரித்தார்கள். உங்கள் அறக்கட்டளை தட்பவெப்ப மாற்றத்தைத் தடுக்கும் துறையில் உலகத்தின் பெரிய கொடையாளர்களில் ஒன்றாகிவிட்டது.

மனம் மாறுவது குற்றம் அல்ல. நிலக்கரி போக வேண்டிய பொருள் என்பதை என் நுரையீரலே எனக்குச் சொல்லும். நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. எனக்குப் புரியாதது வேறொன்று. 2012இல் கரியை விலை ஏற்றி விற்கச் சொன்னவரும், 2020இல் கரிக்குக் கடன் கொடுக்காதே என்று சொன்னவரும் ஒருவரே. நடுவில் என்ன நடந்தது? எந்தத் தகவல் உங்களை மாற்றியது? முன்பு கேட்டது தவறு என்று நினைக்கிறீர்களா, அப்போதைக்கு அது சரி என்று நினைக்கிறீர்களா? உலகத்தின் கம்பெனிகளிடம் வெளிப்படையாக இரு, அறிக்கை கொடு, ஓட்டுக்கு விடு என்று கேட்கும் நீங்கள், இந்த ஒரு கேள்விக்குப் பதில் எழுதிக் கொடுத்ததாக எனக்குத் தெரியவில்லை. கனடாவில் நிலக்கரியும் ஏற்றிச் செல்லும் ரயில் கம்பெனிகளில் உங்கள் நிறுவனம் பெரும் பங்கு வைத்திருந்ததையும் பேத்தியின் பாடப் பக்கங்களில்தான் படித்தேன். உள்ளே இருந்து மாற்றுவோம் என்பது உங்கள் கொள்கை என்று போட்டிருந்தது. அப்படியானால் கோல் இந்தியாவை விட்டு ஏன் போனீர்கள்? மாற்ற வேண்டிய கம்பெனி என்று ஒன்று உலகத்தில் இருந்தால் அது அதுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2022 நவம்பரில் கூகுளின் தாய்க் கம்பெனியான ஆல்ஃபபெட்டின் தலைமைச் செயல் அதிகாரி சுந்தர் பிச்சைக்கு உங்கள் நிறுவனம் எழுதிய கடிதம் இங்கே எல்லாச் செய்தித்தாள்களிலும் வந்தது. அவர் சென்னையில் படித்தவர் என்பதால் கூடுதலாகவே வந்தது. ஆள்கள் அதிகம், சம்பளம் அதிகம், குறையுங்கள் என்று எழுதியிருந்தீர்கள். 2023 ஜனவரி 20இல் அந்தக் கம்பெனி 12,000 பேரை நீக்கியது. அன்றே உங்கள் அடுத்த கடிதம்: இது போதாது, மொத்த எண்ணிக்கையை ஏறக்குறைய 1,50,000க்குக் கொண்டு வாருங்கள். எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் அமெரிக்காவில் இருந்தவள். வேறொரு கம்பெனி. அதே பருவத்தில் அவளுக்கும் ஒரு காலையில் மின்னஞ்சல் வந்தது. வேலை போனால் அறுபது நாளுக்குள் வேறு வேலை, இல்லையென்றால் நாட்டை விட்டுப் புறப்பட வேண்டும் என்பது அவர்கள் விசாவின் நிபந்தனை. நான்காம் வகுப்பு படித்த மகனைப் பள்ளி ஆண்டு முடிவதற்கு முன்பே பிரித்துக் கூட்டி வந்தாள். அந்தப் பையன் இங்கே மூன்று மாதம் யாரோடும் பேசவில்லை. திண்ணையில் உட்கார்ந்து பையிலிருந்த நூலகப் புத்தகத்தையே திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டிருந்தான். திருப்பிக் கொடுக்க முடியாமல் வந்துவிட்ட புத்தகம். நல்ல சம்பளம் வாங்கியவர்களின் வேலை போவது பசியோடு ஒப்பிடக்கூடியது அல்ல என்று எனக்கும் தெரியும். ஆனால் ஆள்களைக் குறை என்று எழுதிய கடிதத்தில் கையெழுத்துப் போட்ட கையும், குழந்தைகளின் பெயரில் அறம் செய்யும் கையும் ஒன்றாக இருக்கும்போது, அந்தப் பையனைப் போன்றவர்களைப் பற்றி ஒரு வரியாவது அந்தக் கடிதத்தில் இருந்திருக்க வேண்டாமா?

அறங்காவலர்களுக்குத் தனியே ஒன்று. உங்கள் அறக்கட்டளையிலிருந்து 36 கோடி டாலரை, நிறுவனரின் முன்னாள் மனைவி தொடங்கிய வேறொரு அறக்கட்டளைக்குக் கொடுக்கலாமா என்ற வழக்கு பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் வரை போய் 2020 ஜூலையில் முடிந்தது. அதில் வெளியே தெரிந்த ஒரு செய்தி என்னை உலுக்கியது. அவ்வளவு பெரிய அறக்கட்டளையின் உறுப்பினர்கள் அப்போது மூன்றே பேர். அவர்களில் இருவரான நிறுவனரும் அவருடைய முன்னாள் மனைவியும் ஓட்டுப் போட முடியாத நிலை. ஆக, 36 கோடி டாலர் யாருக்கு என்பது ஒரே ஒருவரின் கையில் நின்றது. அவர் எப்படி ஓட்டுப் போட வேண்டும் என்று நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. எங்கள் ஊர்க் கோயில் திருவிழாக் கணக்கையே நாற்பது குடும்பங்கள் உட்கார்ந்து, தேங்காய் வாங்கிய பில் வரை வாசித்த பிறகுதான் மூடுவோம். வரிச்சலுகை பெற்ற பொதுப் பணம் உங்களிடம் இருப்பது. அதன் போக்கை முடிவு செய்யும் மேசையில், அந்தப் பணம் எங்கிருந்து வந்ததோ அந்த இடத்து மனிதர் ஒருவர்கூட இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

ஆகவே கேட்கிறேன்.

சர் கிறிஸ், கோல் இந்தியாவிடம் நீங்கள் 2012இல் கேட்டதைப் பற்றி உங்கள் பெயரில், பொதுவெளியில் ஓர் அறிக்கை எழுதுங்கள். இன்று அதை எப்படிப் பார்க்கிறீர்கள் என்று சொல்லுங்கள். சரி என்றால் சரி என்று எழுதுங்கள். எங்களுக்குப் பிடிக்காவிட்டாலும் அது பதில். 2010 முதல் 2014 வரை அந்தப் பங்கில் வந்த லாபமோ நஷ்டமோ எவ்வளவு என்பதையும் அதிலேயே எழுதுங்கள். லாபம் இருந்திருந்தால் அதன் அளவுக்கு, நிலக்கரி வெட்டும் தால்ச்சர், கோர்பா போன்ற இடங்களிலும், நிலக்கரி எரிக்கும் எங்களைப் போன்ற கடலோர ஊர்களிலும் குழந்தைகளின் மூச்சுப் பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் ஒதுக்குங்கள். சாம்பல் ஏரிகளுக்கு அருகில் உள்ள பள்ளிகளிலிருந்து தொடங்கலாம். எந்தப் பள்ளி என்று காட்ட நானே கூட வருகிறேன்.

இனிமேல் உங்கள் நிதியம் எந்தக் கம்பெனிக்கும் விலையை ஏற்று, ஆளைக் குறை என்று எழுதும்போது, அது எத்தனை வீடுகளை, எத்தனை குழந்தைகளைத் தொடும் என்று ஒரு பக்கக் கணிப்பு அதே நாளில் வெளிவர வேண்டும். கரியமில வாயுக் கணக்கைக் கம்பெனிகளிடம் கேட்கும் உங்களுக்கு இது தெரியாத வேலை அல்ல.

அறங்காவலர்களே, நிலக்கரியை மூட வேண்டும் என்று நீங்கள் செலவழிக்கும் பணத்தில், மூடிய பிறகு வேலை இழக்கும் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு எவ்வளவு என்று தனியாகப் பிரித்துக் காட்டுங்கள். நிரந்தர ஊழியனான எனக்கு ஓய்வூதியம் வருகிறது. கல் பொறுக்கிய பெண்களுக்கு எதுவும் இல்லை. அவர்கள் பெயர் எந்தப் பதிவேட்டிலும் முழுதாக இருக்காது. ஒப்பந்தக்காரர் மாறும்போதெல்லாம் புதிதாக எழுதுவார்கள். அவர்களைத் தேடிக் கண்டுபிடிப்பதற்கே தனிப் பணம் வேண்டும். அதையும் ஒதுக்குங்கள்.

உங்கள் அறக்கட்டளையின் முடிவெடுக்கும் அவையில், நிலக்கரி ஊர்களிலிருந்து குறைந்தது இரண்டு பேரை, ஓட்டுரிமையோடு சேருங்கள். ஆலோசகர் என்ற பெயரில் வேண்டாம்.

இவற்றில் எதைச் செய்ய முடியாது என்று நினைக்கிறீர்களோ, அதைக் காரணத்தோடு எழுதுங்கள். ஆங்கிலத்திலேயே எழுதலாம். என் பேத்தி வாசித்துச் சொல்வாள். அவள் அடுத்த விடுமுறைக்குப் பொங்கலுக்கு வருகிறாள். அதற்குள் பதில் வந்தால் அவள் கேட்ட கேள்விக்கு நானும் பதில் சொல்லிவிடுவேன்.

இப்படிக்கு,
நிலக்கரி கையாளும் பிரிவிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு தொழிலாளி